மறு: ஸ்ட்ராப்புக்குத் தமிழ்: பட்டையா, வாரா, வள்பா?

அனைவருக்கும் வணக்கம்.

கைக்கருவிக் கையேட்டைத் தமிழாக்கும் நம் குழுவில், அதைக் கையில் கட்டும் 'ஸ்ட்ராப்'புக்கு என்ன சொல் வைப்பது என்று நடக்கும் மடல்களை மூன்று நாளாகப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். நேற்று அம்மாவின் கையில் இருக்கும் கருவியின் ஸ்ட்ராப் அறுந்தது. வாய் திறக்க ஒரு காரணம் கிடைத்தது. காலடி எண்ணி, நாடித்துடிப்பு காட்டுமே, அந்த வகைக் கருவி. அதைக் கட்டிக்கொண்டுதான் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் தினமும் நடப்பார். (1949இல் தி.மு.க. தொடக்க விழாக் கூட்டம் நடந்த அதே பூங்கா. தமிழ்ச்சொல் தேட ராசியான இடம்தான்.) இணையத்தில் வாங்கிய மாற்று ஸ்ட்ராப் நான்கு மாதம்கூடத் தாங்கவில்லை. அறுந்ததை எடுத்துக்கொண்டு பழைய வண்ணாரப்பேட்டையில் சாலையோரம் கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் போனேன்.

அங்கே காதில் விழுந்ததைச் சொல்வதற்கு முன், பெரம்பூர் அக்கா முன்மொழிந்த 'கைப்பட்டை' பற்றி.

> பட்டை என்றால் குழந்தைக்கும் புரியும். எளிமையாக இருக்கட்டும்.

புரியும் அக்கா, அதுதான் சிக்கலே. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்றாகப் புரியும். நாம் மொழிபெயர்க்கும் கையேட்டின் முதல் பக்கத்திலேயே புளூடூத்துக்கான 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை வருகிறது. அடுத்த பக்கத்தில் 'பட்டையைக் கழற்றிக் கழுவவும்' என்று வந்தால் என்ன செய்வது? போதாக்குறைக்குக் கருவி முழுவதையுமே 'பேண்ட்' என்றுதான் ஊரில் சொல்கிறார்கள். அலைக்கும் பட்டை, கருவிக்கும் பட்டை, அதைக் கட்டுவதற்கும் பட்டை என்றால் கையேடு தாங்காது. பிரியாணிப் பட்டையையும் நெற்றிப் பட்டையையும் கணக்கில் சேர்க்கவில்லை. "காலையிலேயே பட்டை போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டேன்" என்று வியாசர்பாடி டீக்கடையில் சொல்லிப் பாருங்கள், உங்களை எந்த வரிசையில் உட்கார வைக்கிறார்கள் என்று தெரியும்.

திருவொற்றியூர் ஐயா சொன்ன 'வள்பு' எனக்கு மிகவும் பிடித்தது. புறநானூறு 50ஆம் பாட்டில் முரசை இழுத்துக் கட்டியிருக்கும் தோலுக்கு அந்தப் பெயர். கருவியை இறுக்கிக் கட்டும் தோல் என்ற பொருள் அச்சாகப் பொருந்துகிறது, மறுக்கவில்லை. ஆனால் திரையில் 'வள்பு' என்று வந்தால் படிக்கிறவர் எழுத்துப்பிழை என்றுதான் நினைப்பார். 'வளைவு' என்று திருத்தி நமக்கே அனுப்பவும் கூடும்.

இனி வண்ணாரப்பேட்டை. கடிகாரக்காரர் என்னிடம் பேசும்போதெல்லாம் ஸ்ட்ராப்பு, ஸ்ட்ராப்பு என்றுதான் சொன்னார். "20 எம்எம்மா, 22ஆ?" என்று கேட்டு, ஸ்ட்ராப் உட்காரும் இரண்டு முனைகளுக்கும் நடுவே அளந்தார். இதற்குள் வேறொருவர் தோல் ஸ்ட்ராப் போட்ட கடிகாரத்தோடு வந்தார். மணிக்கட்டு மெலிந்துவிட்டதாம், கடைசி ஓட்டையிலும் தொளதொளவென்று இருக்கிறதாம். கடிகாரக்காரர் அதை வாங்கிப் பக்கத்தில் குடைக்கடியில் செருப்புத் தைக்கிற பெரியவரிடம் நீட்டி, "வாருக்கு இன்னொரு ஓட்ட போட்டுக் குடு பெர்சு" என்றார்.

எனக்குச் சட்டென்று உறைத்தது. வாடிக்கையாளரிடம் ஸ்ட்ராப்பு, தொழில்காரரிடம் வார். சொல்லை நாம் உருவாக்கவே வேண்டாம். இருக்கிறது, நம் காதுக்குத்தான் வரவில்லை.

> வார் என்றால் செருப்பு வார்தான் நினைவுக்கு வரும். கையில் கட்டுவதற்கு அந்தச் சொல்லா?

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். மிருதங்கத்தில் இழுத்துக் கட்டுவதும் வார்தான், அதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. செருப்பு என்றதும் சொல் கீழே இறங்கிவிடுகிறது என்றால், அது சொல்லின் குற்றமா? பெரியமேட்டில் தோல் வாங்கி வந்து தைக்கிறவர்கள் வாயில் தேயாமல் இருக்கும் சொல் இது. நமக்கு அதைக் கொடுத்ததே அவர்கள்தான்.

'வார்' என்று தனியாகப் படித்தால் தொலைக்காட்சிக்காரர்களின் 'வார் ரூம்' நினைவு வரலாம். வாரை, வாரின், வாருக்கு என்று உருபு ஏறினால் அந்தக் குழப்பம் போய்விடும். தனியாக நிற்கும் இடத்தில் 'கைவார்' என்று போட்டுக்கொள்ளலாம்.

அடுத்து, ஸ்ட்ராப்பைக் கருவியோடு பிடித்து வைக்கும் அந்தச் சின்னக் கம்பி. கடைக்காரருக்கு அது வெறும் 'பின்'. மெல்லிய குழல், அதற்குள் ஒரு சுருள்வில், இரு நுனியிலும் உள்ளே அமுங்கும் முனை. நுனியை அமுக்கினால் கழன்று வரும். விட்டால் துளைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பாடநூலில் ஏற்கெனவே சுருள்வில் இருக்கிறது, நாம் சுருக்கி 'வில்லூசி' என்று வைக்கலாமா? துணைக்கருவி எதுவும் தேவைப்படாமல் நகத்தாலேயே கழற்ற ஒரு குமிழ் வைத்து வருகிறதே, அது 'குமிழ் வில்லூசி'. கருவியில் ஊசி நுழையும் இரண்டு முனைகளை நான் 'காது' என்கிறேன். காது ஊசிக்குத்தானே இருக்கும், காதுக்குள் ஊசி போவதாவது என்று கேட்காதீர்கள். கடுக்கன் போட்டவர்களைக் கேளுங்கள்.

எல்லாக் கருவியிலும் வில்லூசி கிடையாது. மாத்திரை மாதிரி உருண்டையான கருவியை ரப்பருக்குள் அமுக்கும் வகையில் வார் முழுதும் ஒரே துண்டு. நடுவில் கருவி உட்காரும் 'கூடு'. மின்னேற்ற ஒவ்வொரு முறையும் பிதுக்கி எடுத்தால் கூட்டின் ஓரம்தான் முதலில் கிழியும்.

வில்லூசிக்குத் தனிச்சொல் ஏன் வேண்டும் என்பதற்குக் கடிகாரக்காரரே விடை சொன்னார்: "வார் அறுந்தா தெரியும் சார். பின்னு துருப்புடிச்சா தெரியாது, மெஷினே கீழ வுழுந்துடும்." பேச்சு வேகத்தில் என்னிடமும் வார் என்றுவிட்டார்! காசிமேட்டுக் காற்றும் உப்பு, நடக்கிறவர் வியர்வையும் உப்பு; உள்ளிருக்கும் வில் விறைத்துப்போகிறது. வாரை மாற்றும்போது ஊசியையும் மாற்றச் சொன்னார். இரண்டுக்கும் சேர்த்துக் காசு கொடுத்தேன்.

சொல் தேறுமா என்பது வாக்கியத்தில்தானே தெரியும். பராமரிப்புப் பக்கத்தை இப்படி எழுதிப் பார்த்தேன்:

"சிலிக்கோன் வாரை மென்மையான சோப்பு கலந்த தண்ணீரில் கழுவி, நன்றாக அலசி, ஈரம் போகத் துடைத்த பிறகே கட்டவும். தோல்வாரை நனைக்க வேண்டாம். உடற்பயிற்சியின்போது அதைத் தவிர்ப்பது நல்லது. கொசு விரட்டிக் களிம்பு பூசினால் காய்ந்த பிறகே கருவியைக் கட்டவும். அதில் டீட் என்ற வேதிப்பொருள் இருந்தால் சிலவகைப் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். வாருக்கும் கைக்கும் இடையே ஒரு விரல் நுழைய வேண்டும். நடக்கும்போது மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே ஏற்றிக் கட்டவும். அரிப்போ தடிப்போ வந்தால் கழற்றிவிடவும்."

கடைசி வரியை யாரும் வெட்ட வேண்டாம். 2014இல் ஃபிட்பிட் நிறுவனம் தன் 'ஃபோர்ஸ்' கருவியைத் தோல் ஒவ்வாமைப் புகார்களால் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. அம்மாவுக்கு வந்தது அவ்வளவு பெரிதல்ல. கழுவிவிட்டு ஈரத்தோடே கட்டிக்கொண்டதில் சிவந்துவிட்டது, இரண்டு நாள் கழற்றி வைத்ததும் சரியானது.

அப்புறம், வரைவில் இரண்டு இடத்தில் 'சிலிக்கான்' என்று இருக்கிறது. அது சில்லு செய்யும் தனிமம். வார் செய்வது சிலிக்கோனில். மாற்றிவிடுங்கள்.

தண்டையார்பேட்டையிலிருந்து

*

தம்பி,

செருப்பு என்று நான் எழுதியது தவறு. நாற்பது வருடம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் கை அப்படி எழுதியிருக்கக் கூடாது. வார் இருக்கட்டும், கைவார் இன்னும் நன்று. வில்லூசிக்கும் ஒப்புதல்.

'காது' எனக்கு ஒட்டவில்லை. கையேட்டில் 'கருவியின் காதில் அழுக்கு சேர்ந்தால் துடைக்கவும்' என்று வந்தால் என் பேத்தி சிரிப்பாள். ஆனால் மாற்றுச் சொல் ஒன்றும் தோன்றவில்லை.

வள்பை அடைப்புக்குறியில்கூடப் போட வேண்டாம். அது முரசிலேயே இருக்கட்டும்.

திருவொற்றியூரிலிருந்து

*

ஐயா, நன்றி. பேத்தி சிரித்தால் மறக்க மாட்டாள், அதனால் காதை விட்டுவைக்கிறேன்.

அக்கா, பட்டையைக் கருவி முழுவதற்கும் வைத்துக்கொண்டேன், 'நலப்பட்டை' என்று. அலைக்கு 'அலைப்பட்டை' என்று முழுதாக எழுதிவிட்டால் மோதாது. உங்களுக்குச் சரி என்றால் இன்றிரவே கோப்பை ஏற்றிவிடுவேன்.

வாரின் இரு பாதியையும் சேர்த்துப் பூட்டும் 'பக்கிள்' மட்டும் காலியாக நிற்கிறது. கொக்கி என்று போட்டுப் பார்த்தேன், மீன் பிடிக்கிற மாதிரி இருக்கிறது. நாளைக்கு அந்தக் குடைக்கடிப் பெரியவரைக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.