சுவடிப் பதிப்பு: எந்தப் பாடத்தை ஏற்பது?

கேள்வி:
முனைவர் பட்டத்திற்காக நான் பதிப்பிக்கும் சிற்றிலக்கியத்திற்கு மூன்று ஓலைச்சுவடிகள் கிடைத்துள்ளன. பல இடங்களில் அவை தம்முள் வேறுபடுகின்றன. இரண்டு சுவடிகளில் ஒன்றுபோல் உள்ள பாடத்தையே (சொல்வடிவத்தையே) ஏற்றுக்கொள்ளலாமா?

மறுமொழி 1:
எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். அந்த இரண்டும் ஒரே தாய்ச்சுவடியைப் பார்த்துப் படியெடுக்கப்பட்டவை என்றால், அவற்றை ஒரே சான்றாகவே கொள்ள வேண்டும். இதை அறிய, இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே அடி விடுபட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மேலும், ஓலையில் பொதுவாகப் புள்ளி இடுவதில்லை, குறில் நெடில் கொம்புகளும் வேறுபடுவதில்லை, துணைக்காலும் (ா) ரகரமும் ஒரே வடிவில் இருக்கும் என்பதால், 'கொடு', 'கோடு' போன்ற இடங்களைப் பாடவேறுபாடாகக் கருதாமல், தளையையும் (சீர்கள் இணையும் முறை) எதுகையையும் பொருளையும் கொண்டு நீங்களே தீர்மானிக்க வேண்டியிருக்கும்.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரி. ஆனால் தள்ளிய பாடத்தை மறைத்துவிடாதீர்கள். 1894இல் புறநானூற்றை அச்சிட்ட உ.வே.சா., தம் பதிப்புகளில் பிரதிபேதங்களை (சுவடிக்குச் சுவடி மாறும் பாடங்களை) அடிக்குறிப்பாகக் கொடுத்திருப்பதால்தான், அவர் முடிவோடு உடன்படாதவரும் அந்நூல்களைப் பயன்படுத்த முடிகிறது.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. எந்தச் சுவடியிலும் இல்லாத என் ஊகத்திருத்தத்தை மூலத்தில் சேர்க்கலாமா?

மறுமொழி 1:
கூடாது. அடிக்குறிப்பில் காரணத்தோடு எழுதுங்கள்.