ரீஸ்டோர் முடிந்தது, பெயர்களைக் காணோம்

இலங்கை மலையகத்தில் டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட ஆபிஸில் நடந்தது. ஐப்பசி இடி மழையில் கரண்ட் போய்ப் போய் வந்து, செக்ரோல் (ஆள் வரவு, சம்பளப் பதிவேடு) கணினியின் ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது. மைஎஸ்கியூஎல் 8 என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் எடுத்த பேக்கப் பென்டிரைவில் இருந்தது. புதுக் கணினியில் அதன் கிளையான மரியாடிபி.

முதல் தடங்கல் சின்னது. 1273ஆம் எண் பிழை: யூடிஎஃப்8எம்பி4_0900_ஏஐ_சிஐ என்ற கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி) தெரியாதாம். அது மைஎஸ்கியூஎல் 8உடன் வந்தது, அந்த மரியாடிபியில் இல்லை. பேக்கப்பின் நகலில் (மூலத்தில் கை வைக்கவே கூடாது) யூடிஎஃப்8எம்பி4_யூனிகோட்_சிஐ என்று மாற்றியதும் சரியாகிவிட்டது.

அப்புறம் ரீஸ்டோர் பிழையே காட்டாமல் ஓடி முடிந்தது. ஆள் எண்ணிக்கை, கொழுந்து கிலோ, அரைப்பேர்க் கணக்கு (அரை நாள் சம்பளம்) எல்லாம் பொருந்தின. கிளாக்கர் ஐயா திரையைப் பார்த்துவிட்டு, "தம்பி, நம்ம ஆளுக பேரெல்லாம் எங்க?" என்றார். பெயர் வரும் இடமெல்லாம் கேள்விக்குறி.

ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் 8 சதவீதமும் தோட்டத்தின் 12 சதவீதமும் சேர்வது இந்தப் பெயர்களில்தான். ஓர் எழுத்து மாறிப்போனாலே அந்தக் காசை எடுக்க வயதான காலத்தில் ஆபிஸ் ஆபிஸாக அலைகிறார்கள். அதனால் அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

பழைய சம்பளத் துண்டை வைத்து ஒரு வரியைப் பார்த்தோம். கருப்பாயி. கண்ணுக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனி என்பதால் ஒன்பது. திரையில் இருந்ததோ 27 கேள்விக்குறி. யூனிகோடைக் கோப்பில் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். அதாவது கோப்பைத் தமிழாக வாசிக்காமல் பைட் பைட்டாகப் பிய்த்து அனுப்பியிருக்கிறது ஏதோ ஒன்று.

அது விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல். அதில் '<' குறி (கோப்பை ஒரு கட்டளைக்குள் செலுத்துவது) வேலை செய்யாது என்பதால், ஆபிஸில் இருந்த ஸ்கிரிப்ட் கெட்-கன்டென்டால் கோப்பை வாசித்து உள்ளே தள்ளியது. விண்டோஸுடன் வரும் 5.1 பதிப்பு, பிஓஎம் (கோப்பின் தொடக்கத்தில் எழுத்து முறையைச் சொல்லும் குறி) இல்லாத கோப்பை யூடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்ளாது. வெளியே அனுப்பும்போது ஆங்கில எழுத்துகள் மட்டுமே உள்ள ஆஸ்கியாக்கிவிடும், அதில் இல்லாதது ஒவ்வொன்றும் கேள்விக்குறியாகிவிடும். பேக்கப்பை நோட்பேட் பிளஸ் பிளஸில் திறந்தோம், பெயர்கள் அத்தனையும் சுத்தத் தமிழில் இருந்தன. டேட்டாபேஸை அழித்து, மரியாடிபி கிளையன்டுக்குள் போய் சோர்ஸ் கட்டளையால் ஏற்றினோம். எல்லாம் வந்தன.

உங்களுக்கும் கேள்விக்குறி வந்தால் முதலில் பேக்கப் கோப்பைத் திறந்து பாருங்கள். அதில் தமிழ் இருந்தால் பெரும்பாலும் ஏற்றிய வழியில்தான் கோளாறு. கோப்பிலேயே கேள்விக்குறி என்றால் பேக்கப் எடுக்கும்போதோ அதற்கு முன்போ எழுத்துகள் போய்விட்டன. அதிலிருந்து மீட்க வழியில்லை, அதற்கு முந்திய பேக்கப்பைத் தேடுங்கள்.