சொல்லாமல் கொள்ளாமல் ரீஸ்டார்ட் ஆகும் கேமிங் பிசி: அனுபவப் பகிர்வு

பாகம் பாகமாக வாங்கி நானே கோர்த்த கணினி. முதல் நான்கு மாதம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் கிராஃபிக்ஸ் கார்டை மட்டும் பெரியதாக மாற்றினேன். மூன்றாம் நாள் இரவு, லோடிங் முடிந்து விளையாட்டின் காட்சி திறக்கும் அந்த நொடியில் திரை கறுத்தது. ரேமில் இருக்கும் கலர் விளக்குகள் அணைந்தன, உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம், உடனே விளக்குகள் மறுபடி எரிந்து மதர்போர்டு லோகோ வந்து நின்றது. விண்டோஸ் நிலைகுலைந்தால் காட்டும் நீலத்திரை இல்லை, எச்சரிக்கை இல்லை.

அதன் பிறகு ஒரே நாளில் இரண்டு தடவை வரும், அடுத்த மூன்று நாள் சத்தமே இருக்காது. சரியாகிவிட்டது என்று நிம்மதியாக உட்காரும்போது மறுபடி வரும்.

விண்டோஸ் தன் பதிவுகளைக் காட்டும் ஈவண்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்று இருந்தது. அந்த எண்ணைத் தேடியே எனக்கு ஒரு வாரம் போனது. புதிதாக மாட்டிக்கொண்டவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: 41 என்பது காரணம் அல்ல. கணினி முறையாக ஷட்டவுன் ஆகாமல் எழுந்திருக்கிறது என்று விண்டோஸ் எழுந்த பிறகு எழுதிவைக்கும் குறிப்பு, அவ்வளவுதான். கரண்ட் போனாலும் அதே 41 வரும், ரீசெட் பட்டனை அழுத்தினாலும் வரும். அதற்குள்ளே விவரப் பகுதியில் 'பக்செக் கோடு' என்று ஒரு எண் இருக்கும். அதுதான் உதவும். பூஜ்யம் அல்லாத எண் என்றால் நீலத்திரை வந்துபோயிருக்கிறது; தானாக ரீஸ்டார்ட் ஆகும் அமைப்பை எடுத்துவிட்டால் அடுத்த தடவை அது திரையிலேயே நிற்கும். பூஜ்யம் என்றால் பெரும்பாலும் விண்டோஸுக்கு எதையும் பதிவு செய்ய நேரமே கிடைக்கவில்லை. எனக்குப் பூஜ்யம்.

இந்த இடத்தில் பொறுமையை விட்டுவிட்டேன். ஒரே நாளில் விண்டோஸைப் புதிதாகப் போட்டேன், டிரைவரை மாற்றினேன், மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸையும் அப்டேட் செய்தேன். ஐந்து நாள் வரவில்லை. எது சரி செய்தது என்று எனக்கே தெரியவில்லை. ஆறாம் நாள் வந்தபோது, எதைச் சந்தேகிப்பது என்பதும் தெரியவில்லை. அன்றுதான் ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, நேரம், அந்த நொடியில் திரையில் என்ன நடந்தது, கடைசியாக எதை மாற்றினேன். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம்.

சூடா என்று பார்க்க, சூட்டை அளந்து காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளை நொடிக்கு ஒரு வரியாகக் கோப்பில் எழுத விட்டேன். விழுவதற்கு முந்தைய கடைசி வரியில் ப்ராசசர் 68 டிகிரி, கார்டு 71. இரண்டும் பயப்படும் அளவு இல்லை. ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை எடுத்துவிட்டு அதன் அடிப்படை வேகத்தில் ஓட்டினேன், அப்போதும் வந்தது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 இரவு முழுக்க நான்கு சுற்று ஓடி ஒரு பிழையும் காட்டவில்லை.

நோட்டில் பதினொரு பதிவு சேர்ந்ததும் உட்கார்ந்து படித்தேன். ஒன்பது தடவை லோடிங் முடியும் நொடி. மீதி இரண்டும் திரையில் பெரிய வெடிப்பு வந்த நேரம். ஆனால் கார்டைச் சோதிக்கும் ஃபர்மார்க் மென்பொருளை அரை மணி நேரம் முழு பாரத்தில் ஓட்டினால் அசையவே இல்லை. முழு பாரத்தைத் தாங்குகிற கணினி விளையாட்டில் ஏன் விழுகிறது என்று வெகுநேரம் யோசித்தேன். விடை அந்தச் சீரில்தான் இருந்தது. ஃபர்மார்க் ஒரே மட்டத்தில் இழுக்கும். விளையாட்டில் கார்டு சும்மா இருந்து திடீரென்று எழும். அந்த எழுச்சியில், மில்லி நொடிக் கணக்கில், கார்டின் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் வாட்டைவிட மிக அதிகமாக இழுக்கும். அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் 12 வோல்ட் சரிந்தால், 'கரண்ட் சரியாக இருக்கிறது' என்று பவர் சப்ளை மதர்போர்டுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும் சிக்னலும் விழும். போர்டு உடனே ரீசெட் ஆகும். பவர் சப்ளையின் பாதுகாப்பு சுற்று கரண்டை முழுதாக வெட்டியிருந்தால் பெரும்பாலும் கணினி அணைந்தே கிடக்கும், பின்னால் இருக்கும் ஸ்விட்சை அணைத்துப் போட்டால்தான் எழும். தானாக எழுகிறதா, செத்துக் கிடக்கிறதா என்பதையும் குறித்துவையுங்கள்.

காசே செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கினேன். ஒரு வாரம் ஒன்றுமில்லை. திரும்ப 100 வைத்தேன், அன்று மாலையே வந்தது. மறுபடி 70, மறுபடி அமைதி.

உடனே புது பவர் சப்ளை வாங்கவில்லை. கேபினெட்டைத் திறந்து பார்த்தால், கார்டில் இருக்கும் இரண்டு 8 பின் சாக்கெட்டுக்கும் ஒரே கேபிளின் இரட்டைத் தலையைச் சொருகியிருக்கிறேன். ஒரு 8 பின் இணைப்பின் கணக்கு 150 வாட். இரண்டுக்கும் உரியதை ஒரே கேபிள் சுமந்துகொண்டிருந்தது. தனித்தனிக் கேபிள் போட்டதும் அடிக்கடி வந்தது இரண்டு வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. குறைந்ததே தவிர நிற்கவில்லை. கடைசியில் பழைய 550 வாட் பவர் சப்ளையை எடுத்துவிட்டு, ஏடிஎக்ஸ் 3.0 தரத்தில் 750 வாட் போட்டேன். இந்த மாதிரி நொடிநேர எழுச்சியைத் தாங்க வேண்டும் என்று அந்தத் தரமே விதித்திருக்கிறது. எட்டு மாதம் ஆகிறது, ஒரு தடவைகூட வரவில்லை.

மாற்றும்போது பழைய மாடுலர் கேபிள்களை, அதாவது பவர் சப்ளையிலிருந்து கழற்றக்கூடிய கேபிள்களை, அப்படியே விட்டுப் பவர் சப்ளையை மட்டும் மாற்றாதீர்கள். பவர் சப்ளை பக்கத்து பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு, சில சமயம் மாடலுக்கு மாடல் வேறு. சொருக்கு கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் 12 வோல்ட் போகக்கூடாத கம்பியில் போய் ஹார்ட் டிஸ்கையோ போர்டையோ எரித்துவிடும்.

*

நண்பரே, எனக்கு இதற்கு நேர்மாறு. மணிக்கணக்கில் விளையாடினால் ஒன்றும் ஆகாது. விளையாட்டை மூடிவிட்டு ஒரு இணையப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருப்பேன், அப்போது போகும். ஒரு நாள் டெஸ்க்டாப்பை அப்படியே விட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் லாகின் திரை நிற்கிறது.

நானும் முதலில் பவர் சப்ளையைத்தான் சந்தேகித்தேன். 41க்குப் பக்கத்திலேயே 'வீயா-லாகர் 18' இருந்ததைக் கவனிக்கவில்லை. அது ப்ராசசரே தன் பிழையைச் சொல்லும் பதிவு. ப்ராசசருக்குள் இருக்கும் எந்தக் கோரில் என்பதையும் ஏபிஐசி என்ற அடையாள எண்ணாகக் காட்டும். எனக்கு ஐந்து பதிவிலும் ஒரே எண்.

சூடு குறையட்டும் என்று என் ரைசன் ப்ராசசரில், கோருக்குப் போகும் வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரை எல்லாக் கோருக்கும் மைனஸ் 30 வைத்திருந்தேன். பாரம் ஏற்றும் சோதனை எல்லாவற்றிலும் அது தேறியது. ஆனால் சும்மா இருக்கும்போது ஒரே ஒரு கோர் திடீரென்று உச்ச வேகத்துக்குத் தாவும். அந்தத் தாவலுக்கு அந்த வோல்டேஜ் போதவில்லை. பதிவில் வந்த கோரை மட்டும் மைனஸ் 10க்கு ஏற்றினேன், நின்றுவிட்டது. இப்படி வோல்டேஜைக் குறைத்து அண்டர்வோல்ட் செய்திருப்பவர்கள் எதையும் வாங்குவதற்கு முன் அதை எடுத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள்.

*

என்னுடையது சின்ன விஷயம், ஆனால் பட்ட பாடு பெரிது. விளையாட்டிலும் போகும், பயாஸ் திரையிலும் போகும். பயாஸிலேயே போனபோதுதான் விண்டோஸும் டிரைவரும் காரணமில்லை என்று புரிந்தது. ரேமை ஒவ்வொன்றாகக் கழற்றினேன், போர்டுக்கு அடியில் தப்பான இடத்தில் ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தாங்கும் திருகுக் கால்) முட்டுகிறதா என்று மொத்தத்தையும் வெளியே எடுத்துப் பார்த்தேன். எதுவும் இல்லை.

திரும்பப் பூட்டும்போது கேபினெட்டின் ரீசெட் பட்டனில் விரல் பட்டது. உள்ளே போனது வெளியே வர யோசித்தது. ஸ்ப்ரிங் தளர்ந்து, லேசான அதிர்வுக்கே தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது. மதர்போர்டிலிருந்து அந்த ரீசெட் கம்பியை மட்டும் உருவிவிட்டேன். பவர் பட்டன் தனிக் கம்பி என்பதால் ஆன் செய்ய ஒரு தடையும் இல்லை. அன்றோடு நின்றது. அந்த இரண்டு பின்னும் இன்றுவரை காலியாகத்தான் இருக்கின்றன.