இருதய சி.ரி. வாசிக்கும் வைத்தியரின் கோப்பில் என்ன இருக்க வேண்டும்? உதவி தேவை

அலைகரை (வெள்ளவத்தை) எழுதியது:

வணக்கம். கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையின் தரப்பிரிவில் வேலை செய்கிறேன். அடுத்த மாதம் இருதய சி.ரி. ஸ்கேன் தொடங்குகிறோம். அதன் பிறகு இருதய எம்.ஆர்.ஐ.யும் வரும். அறிக்கையில் கையெழுத்திடப்போகும் வைத்தியர்களின் தகைமைக் கோப்பைச் சரிபார்த்து, "ஏற்கலாம்" என்று எழுதி மேலே அனுப்பும் பொறுப்பு என்னுடையது. ஒரு கோப்பில் சிக்கி நிற்கிறேன்.

அவர் நல்ல பெயருள்ள இருதயநோய் நிபுணர். வெளிநாட்டில் பயிற்சி பெற்ற சான்றிதழில் "150 பரிசோதனைகள்" என்று இருக்கிறது. இணைத்திருக்கும் பதிவேடோ இரண்டே இரண்டு நிழற்பிரதித் தாள்கள். திகதியும் ஓர் இலக்கமும் மட்டும்தான் இருக்கின்றன. ஒரே திகதியில் 31 வரிகள். கொன்ட்ராஸ்ட் (நாடி படத்தில் தெரிவதற்கான மருந்து) ஏற்றியதா, ஸ்கேன் நடந்தபோது இவர் பக்கத்தில் நின்றாரா, பிறகு அஞ்சியோகிராமில் (நாடிக்குள் குழாய் விட்டு எடுக்கும் படத்தில்) என்ன தெரிந்தது என்ற விவரம் எதுவும் இல்லை. முகாமையாளரிடம் கேட்டேன். "டொக்டர் பெரியவர், கேட்டால் மனம் கோணும், அனுப்பிவிடு" என்கிறார்.

அனுப்ப எனக்குக் கை வரவில்லை. காரணம் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் வேறோர் இடத்தில் என் பெரியம்மாவுக்கு இருதய சி.ரி. எடுத்தார்கள். இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் வலது முடியுரு நாடியில் கடுமையான அடைப்பு என்று அறிக்கை வந்தது. அஞ்சியோகிராமுக்குக் கூட்டிப்போனோம். தாலிக்கொடியைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றி, என் கையில் தந்துவிட்டுத்தான் உள்ளே போனார். வெளியே வந்த வைத்தியர், நாடி சுத்தமாக இருக்கிறது என்றார். பிறகு ஒரு ரேடியோகிராபர் அந்தப் படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். நாடி படிக்கட்டுப் போல வெட்டு வெட்டாக இருந்தது. ஸ்கேன் எடுத்தபோது இருதயத் துடிப்பு 84. படம் அசைந்ததை அடைப்பு என்று வாசித்திருக்கிறார்கள்.

இந்த வைத்தியரிடம் எதையெல்லாம் கேட்டு வாங்க எனக்கு உரிமை இருக்கிறது? எங்கள் ஆய்வுகூடத்துக்கு ஏற்கெனவே அங்கீகாரச் சான்றிதழ் இருக்கிறது. ஸ்கேன் பிரிவுக்கும் அது போதும் என்று சிலர் சொல்வது சரியா? அறிக்கையில் கதிரியக்க நிபுணர் கையெழுத்திட வேண்டுமா, இருதயநோய் நிபுணரா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கதிர்நிழல்:

தங்கச்சி, நீங்கள் தயங்கியது சரி. நான் கதிரியக்க நிபுணர், கொழும்பில்தான் இருக்கிறேன்.

இங்கே மூன்று விடயங்கள் ஒன்றோடொன்று கலந்துபோகின்றன. இலங்கை மருத்துவ சபையில் பதிவு இருந்தால் அவர் இந்நாட்டில் வைத்தியம் பார்க்கலாம். பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் சபைச் சான்று இருந்தால் அவர் அந்தத் துறையின் நிபுணர். இந்த இரண்டு தாள்களும் அவர் முடியுரு நாடி சி.ரி.யை வாசிக்கத் தெரிந்தவரா என்பதைச் சொல்லமாட்டா. இருதயநோய் நிபுணருக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை, என்னைப் போன்ற கதிரியக்க நிபுணருக்கும் இதே கதைதான். நான் பயிற்சி முடித்து வந்தபோது வயிறும் மூளையும் நன்றாக வாசிப்பேன். இருதயத்தை வாசிக்கத் தனியாக உட்கார்ந்து படிக்கவேண்டியிருந்தது. குறித்த ஒரு பரிசோதனையைச் செய்யவும் வாசிக்கவும் இன்னாருக்கு இடம் கொடுப்பது என்ற முடிவை வைத்தியசாலைதான் எடுக்கிறது. அந்த முடிவுக்கான ஆதாரம்தான் உங்கள் மேசையில் இருக்கும் கோப்பு.

அந்த 150 எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்க இருதயவியல் கல்லூரியும் அமெரிக்க இருதயச் சங்கமும் 2005இல் வெளியிட்ட தகுதி அறிக்கையிலிருந்து. தனியாக வாசிக்கக்கூடிய இரண்டாம் நிலைக்கு 8 வாரப் பயிற்சி, கொன்ட்ராஸ்ட் ஏற்றிய 150 பரிசோதனைகளை வழிகாட்டியுடன் வாசித்தல், அவற்றில் 50இல் ஸ்கேன் நடக்கும்போது உடனிருந்து செய்தல். பிரிவையே பொறுப்பேற்று நடத்தும் மூன்றாம் நிலைக்கு 6 மாதம், 300, 100. இருதய எம்.ஆர்.ஐ.க்கும் இரண்டாம் நிலையில் 150தான், ஆனால் பயிற்சிக்காலம் குறைந்தது 3 மாதம். மூன்றாம் நிலைக்கு ஒரு முழு வருடம். பிறகு வந்த சி.ரி. வழிகாட்டிகளில் எண்ணிக்கை ஏறியிருக்கிறது. ஆகவே 150 என்பதை ஆகக் குறைந்த அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

கொன்ட்ராஸ்ட் என்ற சொல்லைக் கோடிட்டு வையுங்கள். கல்சியப் புள்ளி (நாடியில் எவ்வளவு கல்சியம் படிந்திருக்கிறது என்ற கணக்கு) பார்ப்பதற்கு மட்டும் எடுத்த ஸ்கேன்கள் அந்த 150இல் சேரா. ஒரே திகதியில் 31 வரிகள் இருப்பது தவறு என்று நான் சொல்லவரவில்லை. பயிற்சி வகுப்புகளில் சேமித்த படங்களை ஒரே நாளில் அப்படி வாசிக்க வைப்பார்கள், அது வாசிப்பில் சேரும். உடனிருந்து செய்த 50இல் சேராது.

பெரியவர் என்று அஞ்ச வேண்டாம். "டொக்டர், இந்தப் பதிவேட்டின் முழுப்பிரதி கோப்புக்குத் தேவைப்படுகிறது, எல்லாரிடமும் கேட்கிறோம்" என்று ஒரு கடிதம் எழுதுங்கள். கடிதத்தில் எங்கள் துறையினரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய ரேடியோகிராபர்:

பிள்ளை, பெரியம்மாவின் கதையை வாசித்து மனம் கனத்தது. அந்தப் படத்தில் பாதிப் பிழை வாசிப்பதற்கு முன்பே நடந்துவிட்டது. துடிப்பு 84இல் நிற்கும்போது பொத்தானை அழுத்தியிருக்கக் கூடாது. நாங்கள் 60ஐச் சுற்றிக் கொண்டுவரப் பார்ப்போம். துடிப்பைக் குறைக்க மெற்றோபிரோலோல் கொடுத்துக் காத்திருப்போம், நாடி விரிய நாக்கின் கீழ் நைத்திரேற்றுக் கொடுப்போம். ஆஸ்துமா இருக்கிறதா, இரத்த அழுத்தம் என்ன, ஆண் நோயாளர் வயக்ரா போன்ற மருந்து எடுத்திருக்கிறாரா என்று கேட்காமல் இவற்றைக் கொடுக்க முடியாது. ஆகவே அந்த அறையில் நிற்கும் தாதிக்கும் ரேடியோகிராபருக்கும் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வைத்தியரின் கோப்பை மட்டும் பார்த்தால் வேலை முடியாது.

இன்னொன்று. இயந்திரத்தில் பதிந்து வரும் மூச்சுக் கட்டளை ஆங்கிலத்தில் இருக்கும். ஹற்றனிலிருந்து வந்த ஓர் அம்மா அதைக் கேட்டுவிட்டு, பக்கத்தில் யாராவது சொல்கிறார்களா என்று தலையைத் திருப்பினார். அவர் மூச்சைப் பிடிப்பதற்குள் ஸ்கேன் பாதி முடிந்துவிட்டது. அன்றே நானும் ஒரு சிங்களத் தாதியும் இருந்து இரண்டு மொழிகளிலும் பதிந்தோம். "மூச்சை உள்ளே இழுங்கள், பிடித்துக்கொள்ளுங்கள்." நோயாளரை மேசையில் ஏற்றுவதற்கு முன் இரண்டு தரம் பழக்கி, அப்போது துடிப்பு எவ்வளவு இறங்குகிறது என்று ஈ.சி.ஜி.யில் பாருங்கள். எந்த அங்கீகாரப் படிவத்திலும் இது பெரிய எழுத்தில் இருக்காது. படத்தில் இருக்கும்.

பௌதிகன்:

ஆய்வுகூடச் சான்றிதழ் பற்றிய கேள்விக்கு: போதாது. ஆய்வுகூடங்களுக்குக் கொடுக்கும் ஐ.எஸ்.ஓ. 15189 இரத்தம், சிறுநீர் போன்ற மாதிரிகளைப் பரிசோதிக்கும் இடத்துக்கானது. ஸ்கேன் அறை அதற்குள் வராது.

உங்கள் நிறுவனம் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவாகியிருக்க வேண்டும். சி.ரி. இயந்திரத்துக்கு 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின்கீழ் அணுசக்தி ஒழுங்குபடுத்தல் சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். எம்.ஆர்.ஐ.யில் அயனாக்கும் கதிர்வீச்சு இல்லை, ஆகவே அந்த அனுமதிப்பத்திரம் அதைத் தொடாது. என் கவலை அங்கேதான். காந்த அறையின் வாசலை வெளியிலிருந்து வந்து பார்ப்பவர் குறைவு. 2001இல் நியூயோர்க் மாநிலத்தில் 6 வயதுச் சிறுவன் ஸ்கேனுக்குள் இருக்கும்போது யாரோ ஒட்சிசன் சிலிண்டரை அறைக்குள் கொண்டுபோக, காந்தம் அதை இழுத்து, பிள்ளை இறந்துபோனான். அதன் பிறகுதான் அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி எம்.ஆர்.ஐ. பகுதியை நான்கு வலயங்களாகப் பிரித்து வழிகாட்டி எழுதியது. நான்காவது வலயம் காந்தம் இருக்கும் அறை. உங்கள் வரைபடத்தில் அந்தக் கோடுகள் இருக்கின்றனவா?

இரண்டு சிறு விடயங்கள். கல்சியப் புள்ளியை 120 கிலோவோல்ற்றில் எடுக்க வேண்டும். கல்சியம் என்று எண்ணத் தொடங்கும் 130 ஹவுன்ஸ்ஃபீல்ட் (சி.ரி.யில் அடர்த்தியின் அலகு) என்ற எல்லையை அந்த வோல்ற்றளவோடு சேர்த்துத்தான் பயன்படுத்துகிறோம். கதிரைக் குறைக்கிறோம் என்று வோல்ற்றளவை இறக்கிவிட்டு அதே எல்லையை வைத்தால் புள்ளி பொய்யாக ஏறும். அடுத்தது, நோயாளர் பெறும் கதிர்வீச்சு அளவைக் கணக்கிட, இயந்திரம் காட்டும் கதிர் எண்ணை (டி.எல்.பி.) 0.014 ஆல் பெருக்குகிறார்களா என்று பாருங்கள். அது மார்புக்கான எண். இருதயத்துக்கு 0.026 பொருத்தம் என்று பிந்திய ஆய்வு காட்டுகிறது. இயந்திரம் 250 என்று காட்டினால் முதல் கணக்கில் 3.5 மில்லிசீவேட், இரண்டாவதில் 6.5. நோயாளரிடம் எந்த எண்ணைச் சொல்கிறீர்கள் என்பது முக்கியம்.

திரும்பி வந்தவன்:

நியூ ஜேர்சியில் ஒரு ஸ்கேன் நிலையத்தில் வேலை செய்துவிட்டு வந்தவன் நான். அங்கே 2008இல் வந்த சட்டத்தின்படி, 2012 ஜனவரி 1 முதல், வைத்தியசாலைக்கு வெளியே இயங்கும் சி.ரி., எம்.ஆர்.ஐ. நிலையங்களுக்கு அங்கீகாரம் இல்லாவிட்டால் அரச காப்புறுதியான மெடிகெயார் ஸ்கேனுக்குப் பணம் தராது. அங்கீகாரம் 3 வருடத்துக்குத்தான். முடிந்ததும் மறுபடி எல்லாவற்றையும் காட்ட வேண்டும்.

என் அனுபவத்தில் மதிப்பாய்வாளர்கள் சுவரில் தொங்கும் சான்றிதழ்களில் அதிக நேரம் செலவிடவில்லை. நோயாளர்களின் உண்மையான படங்களையும் அறிக்கைகளையும் கேட்டார்கள். இந்தப் பரிசோதனை இவருக்குத் தேவைதானா, படத்தின் தரம் எப்படி, இன்னொருவர் மறுபடி வாசித்தால் அதே முடிவு வருகிறதா, அறிக்கை முழுமையாகவும் நேரத்துக்கும் போனதா என்ற நான்கையும் நிலையமே தொடர்ந்து அளந்து வைத்திருக்க வேண்டும். இங்கே யாரும் கட்டாயப்படுத்தாவிட்டாலும் அந்த நான்கையும் முதல் நாளிலிருந்தே எழுதத் தொடங்குங்கள் அக்கா. ஒரு கொப்பி போதும்.

குருநாகல் அம்மா:

இடையில் எழுதுவதற்கு மன்னியுங்கள். என் மகனுக்குத் தலசீமியா, அடிக்கடி இரத்தம் ஏற்ற வேண்டிய நோய். இருதயத்தில் இரும்பு படிந்திருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள், ரி2 ஸ்டார் என்று ஓர் எண் வரும். 20 மில்லிசெக்கனுக்கு மேல் என்றால் பயமில்லை, 10க்குக் கீழே என்றால் ஆபத்து என்று டொக்டர் எனக்கு விளங்கப்படுத்தியிருக்கிறார். அந்த ஓர் எண்ணை வைத்துத்தான் பிள்ளையின் மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும். எம்.ஆர்.ஐ. தொடங்கும்போது இதை அளக்கத் தெரிந்தவரா என்று தயவுசெய்து கேளுங்கள் மகள்.

அலைகரை:

அம்மா, உங்கள் கேள்வியை அப்படியே எம்.ஆர்.ஐ. கோப்பின் முதல் தாளில் எழுதி வைத்துவிட்டேன்.

கதிர்நிழல் ஐயா, கடிதத்தை அறிக்கையில் கையெழுத்திடப்போகும் ஐந்து வைத்தியர்களுக்கும் அனுப்பினேன். கையெழுத்துப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே?

கதிர்நிழல்:

வேண்டுமென்றே தள்ளிவைத்தேன், அதில் எங்களுக்குள் பழைய இழுபறி இருக்கிறது. என் கருத்தைச் சொல்கிறேன். இருதயத்தைப் படம் பிடிக்கும்போது நுரையீரலின் ஒரு பகுதியும் ஈரலின் மேற்பகுதியும் சேர்ந்தே விழும். இருதயநோய் நிபுணர் நாடியை நுணுக்கமாக வாசிப்பார். மூலையிலிருக்கும் 9 மில்லிமீற்றர் நுரையீரல் முடிச்சு அவர் கண்ணில் படாமல் போகலாம். நானோ முடிச்சைப் பிடித்துவிடுவேன். ஆனால் நோயாளரின் நெஞ்சுவலி எப்படிப்பட்டது, அடுத்து என்ன செய்வது என்பது இருதயநோய் நிபுணருக்குத்தான் நன்றாகத் தெரியும். தொடக்கத்தில் இருவரும் ஒரே திரையில் பார்த்து இருவரும் கையெழுத்திடுங்கள். அடைப்பின் அளவை 2022இல் புதுப்பித்த காட்-ராட்ஸ் முறையில் எழுதினால், வாசிக்கும் எல்லாருக்கும் ஒரே பொருள் விளங்கும். படம் அசைந்திருந்தால் "இந்தப் பகுதியை வாசிக்க இயலாது" என்று எழுத அந்த முறையில் இடம் இருக்கிறது. உங்கள் பெரியம்மாவுக்கு அன்று அந்த ஒரு வரி எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அலைகரை (ஒன்பது நாட்களுக்குப் பிறகு):

எல்லாருக்கும் நன்றி. டொக்டர் நேற்று மாலை தானே என் அறைக்கு வந்தார். கோபிக்கவில்லை. வெளிநாட்டில் வைத்திருந்த முழுப் பதிவேட்டை மடிக்கணினியிலிருந்து எடுத்துத் தந்து, பக்கத்தில் உட்கார்ந்து என்னோடு எண்ணினார். மொத்தம் 162. கொன்ட்ராஸ்ட் ஏற்றியவை 94. உடனிருந்து செய்தவை 40.

"அப்படியென்றால் இன்னும் 56 இருக்கிறது" என்று அவரே சொன்னார். அந்த 56ஐயும் இருதய சி.ரி.யில் அனுபவமுள்ள எங்கள் கதிரியக்க நிபுணருடன் சேர்ந்து வாசிப்பதாகவும், அவற்றில் 10க்காவது ஸ்கேன் அறையில் நிற்பதாகவும் எழுதிக் கையெழுத்திட்டார். அதுவரை தனிக் கையெழுத்து இல்லை. அஞ்சியோகிராமுக்குப் போகும் ஒவ்வொருவரின் முடிவையும் சி.ரி. அறிக்கைக்குப் பக்கத்தில் எழுத நான் ஒரு கொப்பி வாங்கி, கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

மூச்சுக் கட்டளையை வியாழக்கிழமை பதிகிறோம். தமிழில் என் குரல்.