போர்க்கப்பலுக்குத் தூதரக அனுமதி வந்துவிட்டது, உணவுக் கழிவை இறக்கலாமா?

கேள்வி: டார்வின் புதுமுகம்

வணக்கம். டார்வினில் ஒரு கப்பல் ஏஜென்சியில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. கூட்டுப் பயிற்சிக்காக இந்தியக் கடற்படைக் கப்பல் ஒன்று வருகிறது. தண்ணீர், காய்கறி, குப்பை வண்டி எல்லாம் என் பொறுப்பு. தூதரகம் வழியாக அனுமதி கிடைத்துவிட்டது. போர்க்கப்பலுக்குச் சட்ட விலக்கு உண்டு, உள்ளூர் அதிகாரி கேட்காமல் ஏற முடியாது என்கிறார்கள். அப்படியென்றால் சமையற்கட்டுக் கழிவுக்கும் விலக்குதானே? சாதாரண குப்பை லாரியே சொல்லிவிட்டேன். சரிதானா?

பதில் 1: வார்ஃப் அண்ணாச்சி

தம்பி, முதலில் அந்த லாரியை ரத்து செய்யுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நீங்கள் கேள்விப்பட்ட விலக்கு உண்மைதான். 1982 கடல் சட்ட உடன்படிக்கையின் 32-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. கேப்டன் சம்மதம் இல்லாமல் யாரும் மேலே போக முடியாது. ஆனால் அந்த விலக்கு கேங்வே வரைக்கும்தான், அதாவது கப்பலிலிருந்து கரைக்கு இறங்கும் பலகைப் பாலம் வரைக்கும். அதைத் தாண்டி இறங்கும் ஆள், பை, குப்பை எல்லாமே நோயும் பூச்சியும் நாட்டுக்குள் நுழையாமல் தடுக்கும் ஆஸ்திரேலியாவின் 2015 உயிரிப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்துவிடும். தூதரக அனுமதி கப்பல் உள்ளே வருவதற்கு. குப்பை வெளியே வருவதற்கு அல்ல.

இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் டர்பன். 2000-இல் தென்னாப்பிரிக்காவின் குவாசுலு நடாலில் பன்றிகளுக்குக் கோமாரி வந்தது. டர்பன் துறைமுகத்துக் கப்பல்களிலிருந்து இறங்கிய மிச்சச் சோற்றைத் தீவனமாகப் போட்டிருந்தார்கள். அடுத்த ஆண்டு பிரிட்டனில் அதே வைரஸ் ரகம் பரவியதில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். அங்கேயும் தொடக்கம், சரியாக வேகவைக்காத கழிவைத் தின்ற ஒரு பன்றிப் பண்ணைதான். மாடு வளர்த்துப் பிழைக்கும் இந்த நார்தர்ன் டெரிட்டரியில் அப்படி ஒன்று நடந்தால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்.

அதனால் சர்வதேசக் கழிவை, அதாவது வெளிநாட்டிலிருந்து வரும் கப்பல், விமானக் குப்பையை எடுக்க அனுமதி பெற்ற வண்டியை இப்போதே பதிவு செய்யுங்கள். மூடி போட்ட, ஒழுகாத தொட்டி வேண்டும். உள்ளூர்க் குப்பையோடு ஒரு பை கூடக் கலக்கக் கூடாது. கப்பலின் சப்ளை அதிகாரிக்கு எழுதும் முதல் மின்னஞ்சலிலேயே ஒரு நாளைக்கு எத்தனை பை வரும் என்று கேட்டுவிடுங்கள். கப்பலைத் துறையில் கட்டிய பிறகு கேட்டால் வண்டி கிடைக்காது.

இன்னொன்று, கறிவேப்பிலை. பல வருஷத்துக்கு முன் ஒரு கப்பலில் வந்த தூத்துக்குடிப் பையன், இங்கிருந்த தன் சித்திக்கு வீட்டு மரத்திலேயே பறித்த ஒரு கட்டு கொண்டுவந்திருந்தான். இறங்கும்போதே அதிகாரி வாங்கிக்கொண்டார். பையன் முகம் வாடிப்போனது. எனக்கும் மனசு கஷ்டப்பட்டது, ஆனால் அவர் செய்ததுதான் சரி. கறிவேப்பிலையில் தங்கும் ஒரு சிறு பூச்சி எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும். ஆஸ்திரேலியாவில் அந்த நோய் இல்லை. இதை முன்கூட்டியே கப்பலுக்குச் சொல்லுங்கள், தமிழ்ப் பிள்ளைகள் யாராவது நிச்சயம் இருப்பார்கள்.

பதில் 2: ரன்வே ஓரம்

அண்ணாச்சி சொன்னதோடு விமானத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூட்டுப் பயிற்சி என்றால் கடற்படையின் கண்காணிப்பு விமானமும் வரலாம். சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான சிகாகோ உடன்படிக்கையின் 3-ஆம் பிரிவுப்படி அரசு விமானம் அனுமதியில்லாமல் இன்னொரு நாட்டின் மேலே பறக்கவே முடியாது, அதைத் தூதரகம் பார்த்துக்கொள்ளும். உங்கள் கையில் இருப்பது கொசு மருந்து. உள்ளே மருந்து அடித்ததற்கான காலி டப்பாக்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள், இறங்கியதும் கேட்பார்கள். 2004-இல் இதே டெரிட்டரியின் டென்னன்ட் கிரீக் ஊரில் டெங்கு கொசு நுழைந்தது. அது குயின்ஸ்லாந்திலிருந்து வந்ததுதான், வெளிநாட்டிலிருந்து கூட அல்ல. அதை ஒழிக்கவே இரண்டு வருஷம் பிடித்தது.

பதில் 3: வார்ஃப் அண்ணாச்சி

கப்பலின் அடிப்பாகத்தை விட்டுவிட்டேன். கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள் என்று கேளுங்கள். 1999-இல் இங்கே டார்வினின் கல்லன் பே மரீனாவில் (படகு நிறுத்துமிடம்) கருவரிச் சிப்பி என்ற வெளிநாட்டுச் சிப்பி ஒட்டிப் பரவியபோது மரீனாவையே பூட்டி, ப்ளீச்சும் காப்பர் சல்பேட்டும் கொட்டினார்கள். அது படகோடு வந்த சிப்பி. விசாகப்பட்டினம் துறைமுகத்தில் வேரூன்றியிருப்பதும் அதே சிப்பிதான். உங்கள் கப்பல் அங்கிருந்து புறப்பட்டதா என்று பாருங்கள்.

பதில் 4: டார்வின் புதுமுகம்

லாரியை ரத்து செய்துவிட்டேன் அண்ணாச்சி. கப்பல் கிளம்பியது விசாகப்பட்டினத்திலிருந்துதான். சப்ளை அதிகாரிக்கு எழுதிவிட்டேன், கறிவேப்பிலை பற்றித் தமிழிலேயே ஒரு வரியும் சேர்த்து.