வேலமரத்தில் குடியிருக்கும் சிவப்பு–கறுப்பு எறும்பு: எந்த இனம் என்று சொல்லி உதவுங்கள்

படுவான்கரை மகள்:
எல்லோருக்கும் வணக்கம். கொக்கட்டிச்சோலைப் பக்கம் எங்கள் வயல் வட்டையின் வரம்போரத்தில் ஒரு பழைய வேலமரம் நிற்கிறது. அதன் நிழலில்தான் ஆடுகளைக் கட்டுகிறோம். போன வாரம் அப்பா மரத்தில் சாய்ந்தபோது ஓர் எறும்பு தோளில் கொட்டியது. கை முழுவதும் கடுத்து, வீக்கம் வற்ற இரண்டு நாள் ஆயிற்று. மரத்தையே தறிக்கப்போகிறேன் என்று நிற்கிறார். எனக்கு மனம் வரவில்லை. இது என்ன எறும்பு என்று தெரிந்தால் அவரிடம் பேசலாம்.

நீளம் ஏறக்குறைய ஒரு சென்டிமீற்றர். தலை கறுப்பு, நடுப்பகுதி செம்மஞ்சள், பின்பகுதி மறுபடி கறுப்பு. வரிசையாகப் போவதில்லை, ஒவ்வொன்றும் தனியாக மரத்தில் ஓடுகிறது. ஊரில் கேட்டால் எல்லோரும் "கட்டெறும்பு" என்கிறார்கள். இணையத்தில் தேடினால் "அகேசியா எறும்பு" என்று மெக்சிக்கோப் படங்கள் வருகின்றன. ஐந்து படங்கள் இணைத்திருக்கிறேன்.

அக்கரைப்பற்று வாசகன்:
தங்கச்சி, வேலமரத்தில் வாழ்கிறது, மெலிந்த உடம்பு, கடுமையாகக் கொட்டுகிறது. சூடோமிர்மெக்ஸ் ஃபெருஜினியஸாகத்தான் இருக்க வேண்டும். மரத்தைக் காவல் காக்கும் எறும்பு அது. மரம் அதற்கு வீடும் உணவும் கொடுக்கும்.

கல்முனை விஞ்ஞான ஆசிரியர்:
தம்பி, அவசரப்பட வேண்டாம். சூடோமிர்மெக்ஸ் அமெரிக்கக் கண்டத்து எறும்பு. அங்குள்ள அகேசியா மரத்தின் மாட்டுக்கொம்பு போல் உப்பிய முட்களுக்குள் அது வாழ்வதை இயற்கையியலாளர் தாமஸ் பெல்ட் நிகராகுவாவில் பார்த்து 1874இல் எழுதினார். எறும்புகளை அகற்றினால் அந்த மரம் பூச்சிகளுக்கு இரையாகிவிடும் என்பதை சூழலியலாளர் டானியல் ஜான்சென் மெக்சிக்கோவில் சோதித்து 1966இல் வெளியிட்டார். நம் வேலமரத்து முள் அப்படி உப்புவதில்லை. இலை நுனியில் எறும்புக்கென்று உணவுக் குருணையும் வைப்பதில்லை. மரத்தின் பெயரை வைத்து எறும்புக்குப் பெயர் சூட்டினால் இப்படித்தான் தவறிப்போகும். எறும்பின் உடம்பைப் பார்க்க வேண்டும்.

மகள், மூன்று விடயங்களைச் சொல்லுங்கள். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள இடுப்பில் கணு ஒன்றா, இரண்டா? வயிறு மேலிருந்து பார்க்க இதய வடிவமாக இருக்கிறதா? கூடு மரத்தில் எங்கே? கைவில்லை இருந்தால் நல்லது. ஓர் எறும்பைச் சிறு போத்தலில் மூடி சில நிமிடம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஓட்டம் தணியும்; அப்போது பார்க்கலாம். வெறுங்கையால் தொட வேண்டாம்.

படுவான்கரை மகள்:
பார்த்துவிட்டேன் சேர். கணு இரண்டு இருக்கிறது, இரண்டும் செம்மஞ்சள். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சிறு மணி கோத்தது போல. வயிறு நீண்டு கூர்மையாக முடிகிறது, இதய வடிவம் இல்லை. கண்கள் தலைக்குப் பெரியவை. முள்ளில் எதுவும் இல்லை. மரத்தின் தெற்குப் பக்கத்தில் ஒரு கொம்பு பட்டுப்போய் நிற்கிறது. வண்டு துளைத்த ஓட்டைகள் அதில் இருக்கின்றன. அந்த ஓட்டை வழியாகத்தான் போய்வருகின்றன. அதிலிருந்து தானாக ஒடிந்து விழுந்த விரல் தடிப்புச் சுள்ளி ஒன்றைக் கத்தியால் பிளந்தேன். உள்ளே மரத்தூள் ஒட்டிய குழாய் போன்ற அறை, அதற்குள் வெள்ளைப் புழுக்கள். அவற்றோடு காலும் உணர்கொம்பும் மடக்கி, முழு எறும்பையே மெழுகில் வார்த்தது போல் சில. உறை எதுவும் சுற்றியிருக்கவில்லை.

கல்முனை விஞ்ஞான ஆசிரியர்:
அருமையாகப் பார்த்திருக்கிறீர்கள். இனிச் சந்தேகமில்லை: டெட்ராபொனேரா ரூஃபோநைக்ரா.

வந்த வழியைச் சொல்கிறேன். உண்மையான கட்டெறும்பாகிய கம்பொனோட்டஸுக்கு இடுப்பில் கணு ஒன்றுதான். கொடுக்கும் கிடையாது, கடித்து அமிலம் பீச்சும். அதன் கூட்டுப்புழு பெரும்பாலும் பட்டு உறைக்குள் இருக்கும். முசுறுக்கும் கணு ஒன்று, கூடு இலையில். இரண்டு கணுவும் இதய வடிவ வயிறும் இருந்து, அந்த வயிற்றை முதுகுக்கு மேல் தூக்கினால் கிரமட்டோகாஸ்டர். நீங்கள் சொன்ன இரண்டு கணு, பெரிய கண், மெலிந்த உடம்பு, கொடுக்கு, உறையில்லாத கூட்டுப்புழு ஐந்தும் சேர்ந்தால் சூடோமிர்மெசினே என்ற உபகுடும்பம். ஆகவே அக்கரைப்பற்றுத் தம்பி முழுவதும் தவறவில்லை, உபகுடும்பம் ஒன்றே. ஆனால் அதில் ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் இருக்கும் சாதி (நெருங்கிய இனங்களின் கூட்டம்) டெட்ராபொனேரா மட்டும். அதற்குள் இந்த அளவும் நிறமும் சேர்ந்தால் நம் நாட்டில் ரூஃபோநைக்ராதான். சிவப்பும் கறுப்பும் என்பதே அந்த இலத்தீன் பெயரின் பொருள். சென்னை மாகாணத்தில் பணியாற்றிய மருத்துவர் ஜெர்டன் 1851இல் இதை விவரித்தபோது எசிட்டன் என்ற வேறொரு சாதியில் வைத்தார். பிறகு சாதி மாறியதால்தான் நூல்களில் அவர் பெயர் அடைப்புக்குறிக்குள் இருக்கும்.

கிழக்கு ஆபிரிக்காவில் இதே சாதியின் பென்சிகை என்ற இனம் வேலமரத்தின் உப்பிய முட்களில் வாழ்கிறது. ஆனால் உங்கள் எறும்புக்கு வேல்தான் வேண்டும் என்றில்லை. பட்ட கொம்பும் வண்டுத் துளையும் இருந்தால் பூவரசிலும் குடியேறும்.

இன்னொன்று. உங்கள் நான்காவது படத்தில் இருப்பது எறும்பே அல்ல. கால்களை எண்ணுங்கள்.

படுவான்கரை மகள்:
எட்டுக் கால்! உணர்கொம்பு என்று நினைத்தது முன்னங்கால். இப்போதுதான் நினைவு வருகிறது, போத்தலைத் திறந்தபோது அது நூல் விட்டுத் தொங்கியது.

கல்முனை விஞ்ஞான ஆசிரியர்:
ஆம், எறும்பு வேடமிடும் பாய்ச்சல் சிலந்தி. கொட்டும் எறும்பைப் போலிருந்தால் பறவையும் குளவியும் அண்டத் தயங்கும். அதை அதே மரத்தில் விட்டுவிடுங்கள்.

பொத்துவில் விவசாயி:
தங்கச்சி, வாப்பாவைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் காக்காவுக்கு (அண்ணனுக்கு) முதல் தடவை வீக்கம் மட்டும்தான். இரண்டாம் தடவை உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டியது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் பிழைத்தார். இந்த எறும்பு கொட்டி இலங்கையில் கடுமையான ஒவ்வாமை ஏற்பட்டது மருத்துவ இதழ்களிலும் பதிவாகியிருக்கிறது. கொட்டிய இடத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி ஐஸ் வையுங்கள். முகமோ நாக்கோ வீங்கினால், மூச்சு இழுப்பு வந்தால், தலை சுற்றினால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.

அக்கரைப்பற்று வாசகன்:
திருத்தியதற்கு நன்றி சேர். மரத்தின் பெயரையும் தேடிப் பார்த்தேன். நம் வேலமரங்கள் இப்போது வக்கேலியா என்ற சாதியில் இருக்கின்றன. 2005இல் வியன்னா தாவரவியல் மாநாட்டில் அகேசியா என்ற பெயரை அவுஸ்திரேலிய மரங்களுக்கு விட்டுக்கொடுத்தார்களாம். அப்படியென்றால் "அகேசியா எறும்பு" என்ற சொல் இங்கே இரட்டிப்பாகப் பொருந்தவில்லை.

கல்முனை விஞ்ஞான ஆசிரியர்:
சரியாகச் சொன்னீர்கள். மகள், இரண்டு மூன்று எறும்புகளைச் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் போட்டு வையுங்கள். இடம், திகதி, மரம், கூடு இருந்த கொம்பு எல்லாவற்றையும் பென்சிலால் எழுதிய துண்டை உள்ளேயே போடுங்கள். பேனா மை கரைந்துவிடும். களனிப் பல்கலைக்கழகத்தில் எறும்புகளை ஆராய்கிறார்கள். அங்கே அனுப்ப வேண்டுமானால் இந்தத் துண்டு இல்லாத எறும்புக்கு மதிப்பில்லை.

படுவான்கரை மகள்:
அப்பாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். பொத்துவில் அண்ணன் எழுதியதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். ஆடுகளை வடக்குப் பக்க நிழலுக்கு மாற்றிவிட்டோம். பட்ட கொம்பை மட்டும், விடியற்காலையில், நீளக்கைச் சட்டை போட்டு அரிந்து பற்றைக்குள் தள்ளிப் போட்டார். மரம் நிற்கிறது. போத்தலில் மூன்று எறும்பு இருக்கிறது, துண்டில் அப்பாவே பென்சிலால் எழுதினார்: "வேலமரம், தெற்குக் கொம்பு."