இலைக் கணக்குக்கு டேட்டாபேஸ்: டேபிள் இருக்கிறது, உள்ளே வரிகள் இல்லை

கட்டபெட்டுக்காரி (கேள்வி):

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் கட்டபெட்டில் இருக்கிறேன். மாமா சுற்றுவட்டார ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) பச்சைத் தேயிலை வாங்கி ஃபேக்டரிக்குக் கொடுக்கிறார். ஷெட்டில் எடை போட்டதும் பேரையும் கிலோவையும் நீளநோட்டில் எழுதிவிடுவார். மாதக் கடைசியில் அதைக் கூட்டுவது என் தலையில். மழைக்காலத்தில் நோட்டு ஈரமாகி மை ஊறிப்போய், அது 6-ஆ 8-ஆ என்று வாசலில் நின்று வாக்குவாதம்.

நான் படித்தது பி.காம். பைத்தான் என்கிற புரோகிராம் மொழி யூடியூப் பார்த்துக் கற்றதுதான். தேதி, பேர், கிலோ மூன்றையும் கேட்டு வாங்குகிற சின்ன புரோகிராம் எழுதியாச்சு. டேட்டாபேஸோடு இணைக்கும்போதுதான் சிக்கல். ஒரு வீடியோவில் சொன்னபடி மைஎஸ்க்யூஎல் என்கிற டேட்டாபேஸைப் போட்டால், லோக்கல்ஹோஸ்ட்டில், அதாவது இதே லேப்டாப்பில், சர்வரோடு இணைய முடியவில்லை என்கிறது. எஸ்க்யூலைட் என்கிற இன்னொரு டேட்டாபேஸில் எர்ரரே வருவதில்லை. ஆனால் மூடிவிட்டு மறுபடி திறந்தால் டேபிள் மட்டும் இருக்கிறது, போட்ட வரி ஒன்றுகூட இல்லை. எதைப் பிடித்துக்கொள்வது? சொல்லாமல் கொள்ளாமல் கரண்ட் போகும் ஊர் என்பதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

சிம்ஸ்பார்க் வாசல்:

தங்கச்சி, மைஎஸ்க்யூஎல்லை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். அது நல்ல சரக்குதான். ஆனால் அது தனியாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய சர்வர். உங்கள் புரோகிராம் வழக்கமாக 3306 என்கிற போர்ட்டில் (இணைப்பு வாசல் எண்ணில்) அதைத் தேடிப் போய், எந்த மெஷின், எந்த யூசர், என்ன பாஸ்வேர்டு, எந்த டேட்டாபேஸ் என்று எல்லாம் சொன்னால்தான் பேச ஆரம்பிக்கும். உங்களுக்கு வந்த எர்ரரைப் பார்த்தால் அந்த சர்வர் ஸ்டார்ட் ஆகவே இல்லை போலிருக்கிறது. பாஸ்வேர்டு தப்பாக இருந்தால் ‘ஆக்சஸ் டினைடு’ என்று வேறு மாதிரி வரும். ஒரே லேப்டாப்பில் ஒரே ஆள் எழுதுகிற கணக்குக்கு இத்தனை ஏற்பாடு எதற்கு?

எஸ்க்யூலைட்டில் சர்வரே கிடையாது, மொத்த டேட்டாபேஸும் ஒரே ஃபைல். ரிச்சர்ட் ஹிப் என்பவர் 2000-இல் வெளியிட்டது. பைத்தான் 2.5-இலிருந்து கூடவே வருவதால் இம்போர்ட் எஸ்க்யூலைட்3 என்று எழுதினால் போதும்.

வரி காணாமல் போவது கமிட், அதாவது ‘இதை நிரந்தரமாகப் பதி’ என்கிற கட்டளை, இல்லாததால். வரி சேர்க்கிற இன்செர்ட் ஓடும்போது பைத்தான் உங்களைக் கேட்காமலே ஒரு டிரான்ஸாக்ஷனை (மொத்தமாக நிற்கும் அல்லது மொத்தமாக ரத்தாகும் தொகுப்பை) திறந்துவிடுகிறது. கனெக்ஷனின் கமிட்டைக் கூப்பிடும்வரை அது தற்காலிகம்தான். அதற்குள் மூடினால் எல்லாம் ரத்து. கிரியேட் டேபிளுக்கு அப்படித் தானாகத் திறப்பதில்லை, அதனால்தான் டேபிள் மட்டும் தங்கிவிட்டது. எர்ரரும் வராது என்பதால் புதிதாக வருகிறவர்கள் இதில் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

கரண்ட் விஷயத்துக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. கமிட் ஆன வரி தங்கும். ஆகாதது முழுசாகப் போய்விடும், பாதி எழுதிய வரி என்று ஒன்று மிஞ்சாது. ஆகவே ஷெட்டில் ஒவ்வொருவர் எடையையும் போட்டவுடன் ஒரு கமிட். எல்லாரும் வந்துபோன பிறகு மொத்தமாக ஒன்று என்று வைக்காதீர்கள்.

லவ்டேல் லோக்கல்:

இதுக்கு எக்ஸெல் போதாதா?

கட்டபெட்டுக்காரி:

எக்ஸெல்லில்தான் ஆரம்பித்தோம். கூட்டுத்தொகை வருகிற கட்டத்தின்மேலேயே மாமா கிலோவை டைப் பண்ணிவிடுகிறார்.

சிம்ஸ்பார்க் அண்ணா, கமிட் போட்டதும் வரிகள் நிற்கின்றன, நன்றி. அடுத்த சிக்கல். ஒருவர் பேரைக் கொடுத்து அவர் கணக்கைத் தேடினால், ஒரு மதிப்புதான் வேண்டும், 6 கொடுத்திருக்கிறீர்கள் என்று எர்ரர். நான் கொடுத்தது ‘பெள்ளி’ என்கிற ஒரே பேர். ‘போஜன்’ கொடுத்தால் 5 என்கிறது. எங்கிருந்து வருகிறது இந்த எண்?

சிம்ஸ்பார்க் வாசல்:

டேட்டாபேஸோடு பேசும் மொழியான எஸ்க்யூஎல்லில் எழுதிய வாக்கியத்தை ஓட்டுவது எக்ஸிக்யூட். வாக்கியத்தில் பேர் வரவேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கும், அதற்கான மதிப்பை இரண்டாவதாகக் கொடுக்கிறோம். அது ஒரு பட்டியலாக இருக்க வேண்டும். நீங்கள் பேரை வெறும் ஸ்ட்ரிங்காகக் கொடுத்தீர்கள். ஸ்ட்ரிங்கும் எழுத்துகளின் வரிசை என்பதால் பைத்தான் அதையே பட்டியலாக எடுத்துக்கொண்டு எண்ணிவிட்டது. நமக்கு ‘பெள்ளி’ மூன்று எழுத்து. கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் ப, அதன் ஒற்றைக்கொம்பு, ள, புள்ளி, மறுபடி ள, அப்புறம் இகரக் கொக்கி என்று ஆறு. போஜனுக்கு ப, ஓகாரக் குறி, ஜ, ன, புள்ளி என்று ஐந்து.

தீர்வு ஒரு காற்புள்ளி. அடைப்புக்குறிக்குள் பேரை எழுதி, பக்கத்தில் ஒரு கமா போட்டு மூடுங்கள். கமா இருந்தால்தான் அது டியூப்பிள், அதாவது பைத்தானில் ஒரு வகைப் பட்டியல். இல்லையென்றால் வெறும் அடைப்புக்குறி.

ஒன்று மட்டும் கறாராகச் சொல்கிறேன். இந்தத் தொல்லைக்குப் பயந்து கேள்விக்குறியை எடுத்துவிட்டு, பேரை எஸ்க்யூஎல் வாக்கியத்துக்குள்ளேயே பிளஸ் போட்டு ஒட்டாதீர்கள். பல வீடியோக்களில் அப்படித்தான் காட்டுகிறார்கள். பேருக்குள் ஒரு ஒற்றை மேற்கோள்குறி வந்தால் வாக்கியம் உடைந்துபோகும். வேண்டுமென்றே ஒருவன் டைப் பண்ணினால் உங்கள் தேடலுக்குப் பதில் அவன் கட்டளை ஓடும். எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் என்பது இதுதான்.

மன்னவனூர் பூண்டு:

கொடைக்கானல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். வடுகபட்டிச் சந்தைக்குப் போகிற பூண்டு மூட்டைக் கணக்கை இதே எஸ்க்யூலைட்டில்தான் வைத்திருக்கிறேன். அக்கா பேரை வைத்துத் தேடுகிறார் என்றதும் பகீரென்றது. ஒரே ஊரில் போஜன் எத்தனை பேர்?

கட்டபெட்டுக்காரி:

எங்கள் ஹட்டியிலேயே நாலு பேர். மேல்வீட்டு போஜன், பள்ளிக்கூடத்து போஜன் என்று மாமா அடையாளம் வைத்திருக்கிறார்.

மன்னவனூர் பூண்டு:

அப்படியானால் ஆட்களுக்குத் தனி டேபிள். ஒவ்வொருவருக்கும் இன்னொருவருக்கு வராத ஒரு ஐடி, அதுதான் பிரைமரி கீ. பேரும் மேல்வீடு பள்ளிக்கூடமும் அதில் மட்டும் இருக்கட்டும். எடை டேபிளில் அந்த ஐடி, தேதி, எடை மட்டும். எடையைக் கிராமில் முழு எண்ணாகப் போடுங்கள், 23.4 கிலோ என்றால் 23400. தசமமாக வைத்தால் கூட்டும்போது எங்காவது ஒரு துளி பிசகும். தேதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் 2024-07-09 மாதிரி எழுதினால் தானாகவே வரிசைப்படும்.

ஆட்கள் டேபிளில் இல்லாத ஐடியை எடை டேபிளில் போட்டால் தடுக்கத்தான் ஃபாரின் கீ. எஸ்க்யூலைட்டில் அதை அறிவித்தால் மட்டும் போதாது. வழக்கமாக அந்தச் சோதனை அணைந்தே இருக்கும். கனெக்ட் பண்ணும் ஒவ்வொரு தடவையும் பிராக்மா ஃபாரின் கீஸ் ஆன் என்கிற கட்டளையை ஓட்ட வேண்டும்.

அப்புறம், கனெக்ட்டுக்கு ஃபைலின் முழுப் பாதையைக் கொடுங்கள். வெறும் பேரைக் கொடுத்து வேறு ஃபோல்டரிலிருந்து ஓட்டினால், சத்தமில்லாமல் அங்கே ஒரு காலி ஃபைலை உருவாக்கிவிட்டு, அப்படியொரு டேபிளே இல்லை என்று சொல்லும்.

கட்டபெட்டுக்காரி:

விலையை எங்கே வைப்பது? எடை போடும்போது எங்களுக்கு விலை தெரியாது. தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கிற சராசரி விலையைப் பார்த்து, மாதம் முடிந்த பிறகுதான் ஃபேக்டரி சொல்லும்.

மன்னவனூர் பூண்டு:

அப்போ அது மூன்றாவது டேபிள். மாதம், கிலோவுக்கு எத்தனை பைசா, இரண்டே ஃபீல்டு. எடை டேபிளில் விலையை எழுதவே கூடாது. எழுதினால், விலை வந்த அன்று ஒரு மாத வரிகளையும் திருத்த வேண்டும். தனியாக வைத்தால் ஒரு இன்செர்ட், அப்புறம் தேதியின் முதல் ஏழு எழுத்தை மாதத்தோடு ஒப்பிட்டு, இரண்டு டேபிளையும் இணைக்கிற ஒரு ஜாயின். ஆள்வாரியாகக் கூட்ட க்ரூப் பை. மூட்டை எடை, ஈரம் என்று கழிப்பது இருந்தால் எடை வரியிலேயே இன்னொரு ஃபீல்டாகப் போடுங்கள். மொத்த எடையிலிருந்து கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் எழுதினால், ‘எவ்வளவு கழிச்சே?’ என்று கேட்கும்போது காட்ட ஒன்றும் இருக்காது.

கட்டபெட்டுக்காரி:

போன மாத நோட்டை வைத்து ஓட்டிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்து போஜன் கணக்கு மட்டும் நோட்டோடு ஒத்துவரவில்லை. கையால் கூட்டிப் பார்த்தால் புரோகிராம் சொன்னதுதான் சரி. மாமாவுக்கு இப்போது, நீளநோட்டு மாதிரியே கோடு போட்டு ஆளுக்கொரு தாள் பிரிண்ட் வேண்டுமாம்.

சிம்ஸ்பார்க் வாசல்:

அதைத் தனிக் கேள்வியாகப் போடுங்கள் தங்கச்சி. பிடிஎஃப்பில் தமிழ் ஃபான்ட் ஒரு தனித் தலைவலி, இங்கேயே ஆரம்பித்தால் முடியாது.